விஞ்ச் பேரிங்குக்கு எந்த கிரீஸ்: லித்தியமா, கால்சியம் சல்போனேட்டா?

போன மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகில் வலையை இழுக்கும் பழைய விஞ்சை முழுசாகப் பிரித்தோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போக முடியாது. இந்த மாதிரி வேலைக்கு அதை விட்டால் நேரம் கிடைக்காது. வயர் சுற்றும் டிரம்மின் தண்டைத் தாங்கும் பிளம்மர் பிளாக் (பேரிங் உட்காரும் கூடு) மூடியைத் தூக்கினால், உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால் விட்ட டீ நிறத்தில் ஒரு குழம்பு. துடைத்துப் பார்த்தால் உருளைகளில் புள்ளி புள்ளியாக அரிப்பு. பேரிங் மாற்றியே ஆக வேண்டும். புதுசில் எதைப் போடுவது?

கிரீஸுக்குப் பதில் ஆயில் விடலாமா என்ற பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். கியர் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்குகள் அங்குள்ள ஆயிலிலேயே நனைந்துகொள்ளும். கோர்க்கும்போது அதே ஆயிலைத் தடவினால் போதும், கிரீஸைத் திணித்தால் ஆயில் வரும் வழி அடைபடும். வெண்கல வார்ம் சக்கரம் (திருகு போன்ற தண்டு சுற்றும் பல்சக்கரம்) இருந்தால் மட்டும் ஜிஎல்-5 தர கியர் ஆயிலை யோசிக்காமல் ஊற்றிவிடாதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மம் வெண்கலத்தை அரிக்கக்கூடும். டிரம் பேரிங்கிலோ ஆயில் தேங்க இடமே இல்லை. ஆக, கிரீஸ்தான்.

லித்தியம் கிரீஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. 180 டிகிரி வரை உருகாது என்பார்கள். லாரி வீல் பேரிங்குக்கு அது பெரிய விஷயம். எங்கள் டிரம் ஆடி அசைந்து சுற்றுகிறது, மடி (இழுவலை) ஏற்றி முடித்ததும் பிளாக்கில் கை வைத்தால் சூடே தெரியாது. அங்கே பேரிங்கைக் கொல்வது வயர் ரோப்போடு ஏறி வந்து சீல் (பேரிங் ஓரத்தை அடைக்கும் வளையம்) மேல் கொட்டுகிற உப்புத் தண்ணீர். லித்தியம் கிரீஸில் தண்ணீர் கலக்கக் கலக்க அது இளகி வெளியே வழிந்துவிடும். கால்சியம் சல்போனேட் கொஞ்சம் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டும் கெட்டியாகவே நிற்கும், துருவைத் தடுக்கும் குணமும் அதற்கு இயல்பிலேயே உண்டு.

"எந்த கிரீஸா இருந்தா என்னப்பா, ஒழுங்கா அடிச்சா போதும்" என்றார் படகோட்டும் எங்கள் ஸ்ராங்கு அண்ணன். தப்பில்லை. ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் புது கிரீஸ் சீல் ஓரம் எட்டிப் பார்க்கும்வரை அடித்தால், பழசும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறும், லித்தியமே போதும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வந்து, மீன் இறக்கி, ஐஸ் ஏற்றி முடிப்பதற்குள் கிரீஸ் கன் எங்கே கிடக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும் கிரீஸ்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. இரட்டிப்புக்கு மேல் விலை கொடுத்து சல்போனேட்டே வாங்கினோம். புது பேரிங்கோடு ஒப்பிட்டால் அது பெரிய காசில்லை.

மாற்றுகிறவர்கள் பழசின் மேலேயே புதுசை அடிக்க வேண்டாம். சேராத இரண்டு கிரீஸ் கலந்தால் இரண்டும் இளகி ஓடலாம். நிறத்தைப் பார்த்து ஒரே வகை என்று நினைப்பதும் தப்பு, நீலமும் பச்சையும் வெறும் சாயம். நாங்கள் பிளாக், கிரீஸ் ஏற்றும் நிப்பிள், கிரீஸ் கன் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். (கழுவிய பேரிங்கை கம்ப்ரஸர் காற்றில் சுற்றவிட்டு விசில் சத்தம் கேட்பது பையன்களுக்கு ஒரு குஷி. விடாதீர்கள், பேரிங்கும் கெடும், சமயத்தில் சிதறியும் அடிக்கும்.) மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் போதும் என்பது வேகமாகச் சுற்றும் மோட்டாருக்கான கணக்கு. மெதுவாகச் சுற்றி நனைகிற இடத்தில் தண்ணீர் புக இடமில்லாமல் முழுக்க நிரப்பலாம்.

வயரை வழிநடத்தும் கைடு ரோலர் புஷ்களுக்கு இன்னும் லித்தியம்தான் அடிக்கிறோம். அவற்றைக் கழற்றி மாற்றுவது அரை மணி நேர வேலை.

ஒரு சீசன்தான் ஓடியிருக்கிறது, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இந்தத் தடைக்காலத்தில் இடது பக்க மூடியைத் திறந்தோம். ஓரத்தில் கொஞ்சம் மங்கியிருந்தது, உள்ளே போட்ட நிறம் அப்படியே இருந்தது. வயர் அதிகம் தண்ணீர் கொட்டுகிற வலது பக்கத்தை இன்னும் திறக்கவில்லை.