கேஜ், ஷீல்ட், அரை வைசர்: இரவு லீக் ஹாக்கிக்கு எது?

முப்பது, நாற்பது வயதுக்கு மேல் ஐஸ் ஹாக்கி ஆரம்பிப்பவர்கள் ஸ்கேட்டைப் பற்றியும் ஸ்டிக்கைப் பற்றியும் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். ஹெல்மெட்டின் முன்னால் என்ன மாட்டுவது என்பதை மட்டும் கடையில் நின்றபடியே முடிவு செய்துவிடுவார்கள். ஆட்டம் முழுக்க அதன் வழியாகத்தான் பார்க்கப்போகிறீர்கள், மூச்சு விடப்போகிறீர்கள். மறுநாள் காலை எந்த முகத்தோடு வேலைக்குப் போகிறீர்கள் என்பதும் அதன் கையில்தான் இருக்கிறது. கண்ணை மட்டும் மறைக்கும் அரை வைசர், முகம் முழுக்க மறைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் ஷீல்ட் (பபிள் என்பார்கள்), கம்பிகளால் ஆன கேஜ் என்று மூன்று வகை உண்டு. மூன்றையும் போட்டு ஆடிவிட்டு நான் நின்ற இடம் கேஜ். டொராண்டோ பக்கம் வார நாள் இரவுகளில் லீக் ஆடுபவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். காலை ஆறு மணிக்கு ஆடுபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறாக இருக்கலாம்.

அரை வைசரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பார்வை நன்றாக இருக்கும், காற்று தாராளமாக வரும், தண்ணீர் குடிக்க எந்தத் தடையும் இல்லை. என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்) வீரர்கள் அதைத்தானே போடுகிறார்கள் என்பார்கள். அங்கேயே அது கட்டாயமானது 2013-14 சீசனில்தான், அதுவும் புதிதாக வருபவர்களுக்கு மட்டும். அதற்கு முன் 2000 மார்ச்சில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் பிரையன் பெரார்டுக்கு ஒட்டாவாவில் ஆடும்போது எதிரணி ஸ்டிக் வலக் கண்ணில் பட்டது, அந்தக் கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அப்படிப்பட்ட அடியை வைசர் தடுக்கும், சரி. பல்லும் தாடையும்? என்.எச்.எல்.-இல் ஆடுபவர்களுக்கு ஸ்டிக் கைக்கு அடங்கி இருக்கும். நம் லீக்கின் கீழ் டிவிஷன்களில் போன வருடம்தான் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டவர் தடுமாறி விழும்போது அவருடைய ஸ்டிக் நேராக உங்கள் முகவாய் உயரத்துக்கு வரும், அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் பக் வேறு, 156 முதல் 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. ஒன்டாரியோவில் பெரியவர்களின் பல் செலவை ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) பொதுவாக ஏற்பதில்லை, வேலை இடத்து இன்சூரன்ஸுக்கும் பெரும்பாலும் வருடாந்தர உச்சவரம்பு இருக்கும். அமெரிக்கக் கல்லூரி அணிகளும் ஒலிம்பிக் பெண்கள் அணிகளும் முழு முகப் பாதுகாப்போடுதான் ஆடுகின்றன, அவர்கள் ஆட்டத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள் அரை வைசரை மறந்துவிடலாம்.

உண்மையான போட்டி ஷீல்டுக்கும் கேஜுக்கும்தான்.

முதலில் ஷீல்டின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். புது ஷீல்டை மாட்டிக்கொண்டு ஐஸில் இறங்கும்போது கிடைக்கிற தெளிவு வேறு எதிலும் இல்லை. குறிப்பாகக் காலடியில் கிடக்கும் பக்கைக் குனிந்து தேடும்போது கேஜின் கீழ்க் கம்பிகள் குறுக்கே வரும், ஷீல்டில் அந்தத் தொல்லையே கிடையாது. மைனஸ் பத்து, பன்னிரண்டு டிகிரியில் வெளி ரிங்கில் ஷின்னி (விதிமுறை இல்லாத ஜாலி ஆட்டம்) ஆடினால் முகத்தில் காற்றடிக்காமல் காப்பதும் ஷீல்டுதான். முகத்தின் பாதுகாப்பைப் பொறுத்தவரை சான்றிதழ் பெற்ற ஷீல்டும் கேஜும் இரண்டுமே எனக்குத் திருப்திதான். விலையில் கேஜ் கொஞ்சம் மலிவு, அதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவை மாற்றுவது பராமரிப்பு. ஷீல்ட் பாலிகார்பனேட்டால் ஆனது, உள்பக்கம் மூச்சின் ஈரம் பனியாகப் படியாமலிருக்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். சூடான மூச்சு குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டுச் சின்னச் சின்னத் துளியாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவுவதற்குத்தான் அந்தப் பூச்சு. அது இருக்கும்வரை எல்லாம் சுகம். காய்ந்த துணியாலோ பேப்பர் டவலாலோ ஜெர்சியின் நுனியாலோ தேய்க்கத் தேய்க்க அது போய்விடும். அம்மோனியா கலந்த வீட்டு ஜன்னல் க்ளீனரைப் பிளாஸ்டிக் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, உறையில் போட்டுத் தனியாக வைக்க வேண்டும். படிக்க இவ்வளவுதான். இதைச் செய்ய வேண்டிய நேரம் எது என்று யோசித்துப் பாருங்கள். பத்தே முக்காலுக்குத் தொடங்கிய ஆட்டம் முடிந்து, டிரெஸ்ஸிங் ரூமில் கொஞ்சம் பேசி, 401 நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர நடுநிசி தாண்டிவிடும். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், காலையில் எட்டரைக்கு மீட்டிங். ஈரமான பேடுகளையும் கையுறைகளையும் பேஸ்மெண்டில் காயப் போடுவதே பெரிய காரியம். அதற்கு மேல் ஷீல்டுக்கு ஒரு குளியல் போட என்னால் ஆகாது, என் அணியில் ஷீல்ட் போடுபவர்களில் அதைத் தவறாமல் செய்பவர் ஒரே ஒருவர்தான்.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது சீசனின் பாதியில் தெரியும். பேக்குக்குள் ஸ்கேட், எல்போ பேடின் வெல்க்ரோ எல்லாம் உரசி மெல்லிய கீறல்கள் விழும், அரங்கத்து விளக்கு அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறும். அப்புறம் பனி. வேகமாக ஓடும்போது தெரியாது, காற்று உள்ளே போய்ப் பனியை விரட்டிவிடும். பெஞ்சில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் மூடிக்கொள்ளும். பின்னிரவு ஆட்டங்களுக்குப் பல பேர் வரமாட்டார்கள், ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஆடும்போது பெஞ்சில் கிடைப்பது ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடமும் இரைப்புதான். தெளிவதற்குள் மறுபடியும் இறங்க வேண்டும். ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரே உதவுகிறது, ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அடிக்க வேண்டும், அதுவும் இன்னொரு வேலை.

கண்ணாடி போடுபவர்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை. நான் கண்ணாடி போடுபவன். ஷீல்டுக்குள் கண்ணாடியும் சேர்ந்து மூடிக்கொள்ளும், கையை உள்ளே விட்டுத் துடைக்கவும் முடியாது. கேஜுக்குள் காற்று ஓடுவதால் கண்ணாடி அவ்வளவாக மூடுவதில்லை. கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பத்தி வேண்டாம்.

கேஜுக்கு என்ன பராமரிப்பு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேக்கிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து ஆணியில் மாட்டினால் காய்ந்துவிடும். முகவாய்க் கிண்ணத்தின் ஸ்பாஞ்சில் வியர்வை ஊறி வாடை வரும், அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு பிடிக்கிறதா, ஏதாவது கம்பி வளைந்திருக்கிறதா, வெல்டிங் விட்டிருக்கிறதா என்று பாருங்கள், வளைந்திருந்தால் நிமிர்த்த முயலாமல் புதிது வாங்கிவிடுங்கள். பேக்கில் ஒரு சின்ன ஸ்குரூடிரைவர் எப்போதும் இருக்கட்டும், ஏனென்றால் நெற்றிப் பக்கத்து ஸ்குரூக்களும் கேஜைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் ஜே-க்ளிப்பும் நடுநடுவே தளரும். ஒரு கேஜ் வருடக்கணக்கில் உழைக்கிறது, முதல் நாள் எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் கடைசி வரைக்கும் தெரியும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஷீல்டின் தெளிவு வாங்கிய நாளோடு உச்சம் தொட்டு இறங்கிக்கொண்டே போகிறது. கேஜ் கொஞ்சம் குறைவாகத் தொடங்குகிறது, ஆனால் அங்கேயே நிற்கிறது.

கம்பி கண்ணை மறைக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் சில ஆட்டங்களில் மறைக்கும், அப்புறம் கண் தூரத்தில் இருக்கும் பக்கையும் ஆட்களையும்தான் பார்க்கும், கம்பி காணாமல் போய்விடும். காலடியில் மட்டும் அந்தத் தொல்லை மீதி இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பக்கைக் குனிந்து பார்க்காமல் ஸ்டிக்கின் உணர்வை வைத்தே கையாளப் பழக வேண்டியிருந்தது, அதில் எனக்கு நன்மைதான்.

மேலே ஷீல்ட், கீழே கம்பி என்று கலப்பாகவும் ஒன்று விற்கிறார்கள். வாய்ப் பக்கம் திறந்திருப்பதால் பனி குறைவு என்று போடுபவர்கள் சொல்கிறார்கள். நான் போட்டு ஆடியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். மேல் பாதி பிளாஸ்டிக் என்பதால் கீறல் கணக்கு அதற்கும் பொருந்தும். டைட்டானியம் கேஜையும் நான் போட்டு ஆடியதில்லை, கடையில் கையில் தூக்கிப் பார்த்தபோது எடை குறைவாக இருந்தது, கூடுதல் விலைக்கு அது ஈடாகுமா என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாரக் கடைசியில் வெளி ரிங்கில் மட்டும் ஆடுபவர், காயவைத்துத் துடைக்கப் பொறுமையும் நேரமும் உள்ளவர் என்றால் ஷீல்டை நான் தடுக்க மாட்டேன்.

வாங்கப் போகும்போது உங்கள் ஹெல்மெட்டை எடுத்துப் போங்கள், கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். சி.எஸ்.ஏ. (கனடாவின் பாதுகாப்புத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்க வேண்டும், அதைப் பிய்க்கக் கூடாது. வாயை மூடியபடி முகவாய் கிண்ணத்தில் சரியாக உட்கார வேண்டும், தலையை இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டினால் கேஜ் தனியாக ஆடக் கூடாது, உள்ளங்கையால் முன்னாலிருந்து அழுத்தினால் கம்பி மூக்கைத் தொடக் கூடாது. தொட்டால் அடுத்த சைஸைக் கேளுங்கள்.