தேரி மணலா, மாடலிங் பேஸ்டா? அக்ரிலிக் ஓவியத்தில் மேடுபள்ளமும் நிறமும்

அக்ரிலிக் ஓவியத்தில் மேடுபள்ளம் எழுப்ப விரும்புகிறவர்கள், பாளையங்கோட்டையானாலும் நெல்லை டவுனானாலும், முதலில் தேடுவது மாடலிங் பேஸ்ட் டப்பாவைத்தான். கிடைக்கும் சிறு டப்பா ஒரு பெரிய கேன்வாஸின் கால் பாகத்துக்குக்கூடக் காணாது. உடனே கால் ஹார்டுவேர் கடைப் பக்கம் திரும்புகிறது. வால் பட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சாக் பவுடர், ஃபெவிகால் என்று எல்லாமே அங்கே மலிவு. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது.

ஒன்றல்ல. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசைக்குப் பணம் செலவிடுங்கள். அந்தப் பசையில் சேர்க்கும் பொடி, மணல், நார் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டாம். அவை இந்தச் சீமையில் எங்கு பார்த்தாலும் இருக்கின்றன. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காரணம் அக்ரிலிக்கின் இயல்பில் இருக்கிறது. நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள்தான் அதன் பசை. நீர் ஆவியாக ஆவியாக அவை நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து, வளைந்துகொடுக்கும் படலமாகிவிடும். ஒருமுறை இணைந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. நிறமியை மட்டுமின்றி நாம் சேர்க்கும் எந்தத் துகளையும் இந்தப் படலமே கவ்விப் பிடிக்கிறது. கடையில் விற்கும் மாடலிங் பேஸ்டும் இதே பசையில் சலவைக்கல் தூளையோ கால்சியம் கார்பனேட்டையோ குழைத்ததுதான்.

ஹார்டுவேர் கடைச் சாந்துகள்

வால் பட்டி வெள்ளை சிமெண்ட் சேர்ந்தது. அசையாத சுவருக்காகச் செய்யப்பட்டது. கேன்வாஸ் துணியோ ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தளர்ந்து இறுகிக்கொண்டே இருக்கும். ஓவியத்தைத் தூக்கும்போது ஒரு விரல் பின்புறம் அழுந்தினாலே போதும், பட்டி விரிசல் விட்டுவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் குணமும் இதுதான். நீருடன் சேர்ந்து கல்லாக இறுகுவதால் கேன்வாஸின்மேல் காய்ந்த அப்பளம்போல நொறுங்கும். அதோடு, மேலே தீட்டும் வண்ணத்தின் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் தூரிகை இழுபடாது. நிறமும் வெளிறித் தெரியும். இந்த இரண்டையும் பிளைவுட் பலகையில் மெல்லிய பூச்சாகப் பயன்படுத்தலாம். கேன்வாஸுக்கு வேண்டவே வேண்டாம்.

சாக் பவுடரும் ஃபெவிகாலும் சேர்ந்த சாந்து இவற்றைவிடப் பல மடங்கு மேல். 1959-லிருந்து நம் தச்சர்கள் கையில் இருக்கும் அந்த வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட் வகை. காய்ந்தால் ஓரளவு வளையும், நன்றாக ஒட்டும். ஆனால் ஈரம் பட்டால் இளகும் குணம் அதற்கு முழுதாகப் போவதில்லை. நாளடைவில் மஞ்சளிக்கவும் செய்யும். கைப்பழக்கத்துக்கும் பள்ளிப் போட்டிக்கும் தாராளமாகப் போதும். ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தம் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் ஓவியத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே சாக் பவுடரை ஃபெவிகாலுக்குப் பதில் அக்ரிலிக் ஜெல் மீடியத்தில், அதாவது நிறமி சேராத கெட்டியான அக்ரிலிக் பசையில், குழைத்துப் பாருங்கள். கடைப் பேஸ்டுக்கு ஏறத்தாழச் சமமான சாந்து கிடைக்கும். பேலட் கத்தியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும்; அதுதான் பதம். அதற்கு மேல் பொடி கூடினால் ஒவ்வொரு துகளையும் போர்த்தப் பசை போதாது. காய்ந்தபின் விரலால் தேய்த்தால் வெள்ளையாக உதிரும்.

ஆனி, ஆடி மாதங்களில் இன்னொரு கவனம் தேவை. தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் விழ, திருநெல்வேலிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. அந்தக் காற்றில் தடித்த சாந்தின் மேல்தோல் சட்டென்று காய்ந்துவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். உட்பகுதி பிறகு சுருங்கும்போது மேலே கீறல் ஓடும். ஆகவே ஒரு பூச்சு 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அது உலர்ந்தபின் அடுத்தது. சன்னலை ஒருக்களித்து வைத்து, மேலே ஒரு பாலித்தீன் தாளைத் தொடாமல் கவிழ்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை குறைவு. பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

மூன்று மண்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நெல்லைச் சீமையில் பிறந்த ஓவியருக்கு நிறத்திலும் நடத்தையிலும் முற்றிலும் வேறான மூன்று மண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்துச் செம்மணல் மேடுகளான தேரி, 1986-ல் நெல்லை மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடியின் கணக்கில் போய்விட்டது. ஆனாலும் அந்தச் சிவப்பு இந்தச் சீமையின் சிவப்புதான். மணல்துகள்களின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் வந்த நிறம் அது, வெயிலில் வெளுக்காது. எந்தக் குழாய் வண்ணத்துக்கும் இதைவிட உறுதியான உத்தரவாதம் தர முடியாது. காப்புக்காடாக உள்ள பகுதியைத் தொடாமல், அங்கே தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கும் ஒரு டம்ளர் மண்ணே பல ஓவியங்களுக்கு வரும்.

தேரி மணலைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் தரும் நிறம் வேறு வேறு. ஜெல்லில் கலந்து பூசினால், துகள்களுக்கு இடையே இருந்த காற்று போய் அந்த இடத்தைப் பசை நிரப்பிவிடும். ஒளி சிதறுவது குறையும். காட்டில் செக்கச்செவேல் என்று கண்ட மணல் பலகையில் மழையில் நனைந்த மண்ணின் அடர்ந்த நிறத்துக்கு மாறிவிடும். உறுதியாகப் பிடிக்கும், கையால் தடவினாலும் உதிராது. இன்னொரு வழி, ஈர ஜெல்லின்மேல் மணலைத் தூவி, மெல்ல அழுத்தி, உலர்ந்தபின் பலகையைச் சாய்த்துத் தட்டுவது. ஒட்டாதது கொட்டிவிடும்; ஒட்டிய துகளின் அடிப்பாகம் மட்டும் பசையில் புதைந்திருக்க, மேல்பாகம் உலர்ந்தே நிற்கும். வெயில் காயும் தேரியின் அசல் சிவப்பு இதில்தான் கிடைக்கும். ஆனால் பிடிப்பு குறைவு. நான் பெரும்பாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறேன்: கலந்து பூசிய அடர்சிவப்பு கீழே, தூவிய வெளிர்சிவப்பு மேலே. ஒரு சொட்டு வண்ணம்கூடச் சேர்க்காமல் ஒரே மண்ணில் இரண்டு சிவப்பு!

தாமிரபரணி மணல் இதற்கு நேர் எதிர். வீடு கட்டும் இடத்தில் ஒரு பிடி வாங்கி, டீ வடிகட்டியில் சலித்து, கழுவி, காயவைத்தால் தயார். அதில் மிகுதியாக இருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் ஜெல்லுக்குள் போனதும் கண்ணாடிபோல ஒளியை உள்ளே விட்டுவிடும். சொரசொரப்பு மட்டும் நிற்கும், நிறம் ஏறத்தாழ மறைந்துவிடும். மேலே நீலமோ பச்சையோ தீட்டத் திட்டம் இருந்தால் ஆற்று மணலே சிறந்தது. தேரி மணலின்மேல் மெல்லிய நீலத்தைத் தீட்டினால் சிவப்பு கீழிருந்து எட்டிப் பார்த்து அதை மங்கலாக்கிவிடும்.

கரிசல் வம்புக்கார மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் களிமண் அதில் இருக்கிறது. துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் பசையையும் அளவில்லாமல் குடிக்கும். ஆனால் வெடித்த குளத்தடியை வரைய நினைப்பவருக்கு இதே வம்பு வரம். கடையில் கிராக்கிள் பேஸ்ட் என்று விற்பதும் வெடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் வெடிப்பைக் கரிசல் வெடிப்பென்று கரிசல்காட்டுக்காரர் ஒருவரும் ஒப்ப மாட்டார். பலகையில் மட்டும், மெல்லிய பூச்சாகக் கரிசலைப் பூசி வெடிக்கவிட்டு, உலர்ந்தபின் நீர்த்த அக்ரிலிக் மீடியத்தை மேலே ஊற்றி உறிஞ்சவிட்டால் வெடிப்பும் நிற்கும், மண்ணும் உதிராது.

உவரி, மணப்பாடு கடற்கரை மணல் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை முறை அலசினாலும் சந்தேகம் போகாது.

நாரும் பாயும்

நார் வகையில் கோணிச் சாக்கு, பழைய கோரைப்பாய்த் துண்டு, தென்னம் பன்னாடை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் என் கை பன்னாடைக்குத்தான் நீளும். குறுக்கும் நெடுக்குமாக இயற்கையே நெய்த அந்த வலையில் ஓரிடத்தில் தடிப்பும் ஓரிடத்தில் மெலிவும் இருக்கும். சாக்கின் சீரான கட்டத்தில் அந்த உயிர் இல்லை. கோரைத் துண்டு நீளக் கோடுகளுக்கு நல்லது. உழுத வயலும் ஓட்டுக்கூரையும் அதில் தாமாகவே வந்துவிடும். ஆனால் புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயின் நேர்த்தியான வகையை வெட்டி வண்ணத்தால் மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஏற்கெனவே ஒருவர் செய்து முடித்த கலை.

எந்த நாரானாலும் ஒரு தொல்லை பொது. அதிலுள்ள பழுப்புச் சாயம் ஈர ஜெல் வழியாக மேலே ஏறி, வெளிர் நிறங்களைத் தேநீர்க் கறைபோல ஆக்கிவிடும். ஊறவைத்து அலசி, காயவைத்து, இருபுறமும் பளபளப்பு மீடியத்தை இரண்டு பூச்சுப் பூசி, ஒவ்வொன்றையும் நன்கு உலரவிட்டால் சாயம் உள்ளேயே அடங்கும். மைதாப் பசையில் நாரை ஒட்டாதீர்கள். பூச்சிகளுக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

நிறத்தை எங்கே வைப்பது?

சாந்திலேயே வண்ணத்தைக் கலப்பதா, காய்ந்த சாந்தின்மேல் தீட்டுவதா? மாடலிங் பேஸ்டில் கலந்தால் அதிலுள்ள வெள்ளைப் பொடி எந்த நிறத்தையும் வெளிர வைத்துவிடும். எவ்வளவு குங்குமச் சிவப்பைக் கொட்டினாலும் ரோஜா நிறத்தைத் தாண்டாது. தெளிவான ஜெல்லில் கலந்தால் நிறம் ஆழமாக நிற்கும். ஈரமாக இருக்கையில் பால்போல மங்கித் தெரிவது கண்டு பயப்பட வேண்டாம். காயக் காய அடர்ந்துவரும். அக்ரிலிக் எப்போதும் காய்ந்தபின் ஒரு படி அடர்த்தியாகத் தெரிவதும் இதனால்தான்.

காய்ந்த சாந்தின்மேல் தீட்டுவதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, ஏறத்தாழ உலர்ந்த தட்டைத் தூரிகையைச் சாய்த்துப் பிடித்து மேடுகளை மட்டும் தொட்டுச் செல்வது. இன்னொன்று, ஒளி ஊடுருவும் நிறத்தை மீடியத்தில் நீர்க்கவைத்து முழுவதும் பூசி, பழைய வேட்டித் துணியால் துடைத்து எடுப்பது. பள்ளத்தில் நிறம் தங்கும், மேடு வெளுத்து நிற்கும். முதல் வழி கைக்கு எளிது, பலன் உடனே தெரியும். ஆனால் தொடர்ந்து செய்தால் எல்லா ஓவியமும் மாவு தூவியதுபோல ஒரே சாயலில் முடியும். நான் இரண்டாவது கட்சி. துடைக்கும்போது அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரே நிறத்தில் பல அடுக்குகளைக் கொண்டுவர முடிகிறது. பர்ன்ட் சியன்னா, தாலோ நீலம் போன்றவை இதற்கு ஏற்றவை. டைட்டானியம் வெள்ளை, கேட்மியம் வகைகள் ஒளியை மறைப்பவை. பள்ளத்தில் சுண்ணாம்புபோல அடைத்துக்கொள்ளும். காற்றடிக் காலத்தில் துடைப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதால் உள்ளங்கையளவு இடமாகப் பிரித்துச் செய்ய வேண்டும்.

மேடுபள்ளம் கூடக் கூட நிறங்களின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புடைப்பின் நிழலே ஒரு நிறம். அதோடு ஏழெட்டு வண்ணங்கள் மோதினால் கண் எதைப் பார்ப்பது? திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சமதளச் சுவரில் நிறமும் கோடுமே முழு வேலையையும் செய்கின்றன, பக்கத்திலேயே மரச்சிற்பங்களில் செதுக்கலும் நிழலும் அதைச் செய்கின்றன. இரண்டையும் ஒரே பலகைக்குக் கொண்டுவரும்போது எது முதல் என்பதை ஓவியர்தான் தீர்மானித்தாக வேண்டும்.

கோலத்துக்கு விற்கும் காவிப் பொடியைக் குழாய் வண்ணத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா என்றால், மண்காவியாக இருந்தால் தாராளமாக. சாயம் கலந்த பொடிகளும் விற்பனையில் உண்டு என்பதால் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். சிறிது பொடியை நீரில் கலக்கி வடிதாளில் ஒரு சொட்டு விடுங்கள். மண் நடுவில் நின்று சுற்றிலும் வெறும் ஈரம் மட்டும் பரவினால் நல்லது. ஈரத்தோடு சிவப்பும் பரவினால் அதில் சாயம் இருக்கிறது, வெயிலில் வெளுக்கக்கூடும்.

கடைசியாக வார்னிஷ். பளபளப்பு வகை நிறத்தை ஆழமாக்கும், ஆனால் மேடுகளில் விளக்கொளி பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். மேட் வகை அதைத் தவிர்க்கும். தூரிகையால் தடிப்பாகப் பூசினால் பள்ளங்களில் தேங்கி வெண்மையாகப் படிந்துவிடும். மேட் வார்னிஷைத் தெளிப்பானால் மெல்லிய பூச்சுகளாக அடிப்பதே மேடுபள்ள ஓவியத்துக்குச் சரி. தூவி ஒட்டிய தேரி மணலுக்கு இரண்டுமே ஆகாது. எந்த வார்னிஷும் அதை நனைத்து, பாடுபட்டுக் காத்த வெளிர்சிவப்பை அடர்சிவப்பாக்கிவிடும். அந்த ஓவியத்தை வெறுமனே விட்டு, மணலைத் தொடாத அளவுக்கு இடைவெளி கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லுங்கள்.