படகு போகும் நாளில் எந்தப் பாடம் ஓடும்? மணற்கேணி, தீக்‌ஷா, பெட், கோலிப்ரி

இராமேஸ்வரம் தீவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அந்த மூன்று நாளும் அது அப்பாவோடு கடலில் இருக்கும். தங்கச்சிமடம் பக்கம் வடகடலோரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இலவச டிஜிட்டல் பாடம் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, புதன்கிழமை ராத்திரி இது ஓடுமா என்பதுதான். தமிழில் இருக்கிறதா, சமச்சீர் பாடத்தோடு ஒட்டுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். தீக்‌ஷா, மணற்கேணி, பெட் (PhET), கோலிப்ரி (Kolibri) என்ற நான்கையும் அந்தக் கண்ணோடு பார்த்ததை இங்கே சொல்கிறேன்.

தீக்‌ஷாவிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றிய அரசு 2017-இல் தொடங்கிய தளம். 2018 முதல் வந்த நம் புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் அச்சாகியிருக்கும் கியூஆர் கோடு இதற்குத்தான் கூட்டிப்போகும். இதன் பலமே அதுதான். பிள்ளை எதையும் தேட வேண்டாம், கையில் இருக்கும் புத்தகமே வழி காட்டிவிடும். செயலியில் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் பார்க்கலாம். ஆனால் காணொளிகளின் தரம் ஒரே மாதிரி இல்லை. சில அருமை. சிலவற்றில் ஸ்லைடில் இருப்பதை ஒருவர் அப்படியே வாசிக்கிறார், அதற்குப் புத்தகத்தையே வாசிக்கலாம். போனே வீட்டில் இல்லாத நாளில் கியூஆர் கோடு வெறும் கறுப்புக் கட்டம்தான்.

மணற்கேணி தமிழக அரசின் செயலி, 2023 ஜூலையில் வந்தது. இந்தப் பெயர் எங்களுக்கு ரொம்ப நெருக்கம். தனுஷ்கோடி மணலில் கையால் பள்ளம் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாடத்தோடு ஒட்டுவதில் இதற்கு இணை இல்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, தமிழிலும் ஆங்கிலத்திலும், நம் புத்தகத்தின் சொற்களோடேயே அசைபடங்களாக வருகிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைக்கு ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் பார்க்க முடிவது பெரிய உதவி. என் குறை ஒன்றுதான். காணொளியில் பிள்ளை பார்வையாளராகவே இருக்கிறது. அதனால் இதற்குச் சரியான இடம் பள்ளியின் பெரிய திரை என்று நினைக்கிறேன். ஆசிரியர் பக்கத்தில் நின்று நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டால் பாடம் பிடிபடும். சாயங்காலம் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிய பிறகு போனில் பார்க்கச் சொன்னால், சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2001-இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. காணொளி கிடையாது, எல்லாம் பிள்ளைகள் திரையில் தாமே இயக்கிப் பார்க்கும் மாதிரிகள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன கோப்பு. மெமரி கார்டில் போட்டுக்கொண்டால் நெட் இல்லாமல் பிரவுசரிலேயே திறக்கும். பல மாதிரிகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. தமிழில் இல்லாதவற்றிலும் சொற்கள் குறைவு என்பதால் பிள்ளைகள் தடுமாறுவதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் நடத்தும்போது அடர்த்தி மாதிரியைத் திறந்து கொடுத்தேன். ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு கட்டை, நிறையையும் பருமனையும் கூட்டிக் குறைக்க இரண்டு பட்டை. விடுமுறையில் சித்தப்பாவோடு வள்ளத்தில் போகும் பையன் ஒருவன் நிறையைக் கூட்டிக்கொண்டே போனான். கட்டை மெல்ல இறங்கியது. "அக்கா, ஐஸ் கூடப் போட்டா வள்ளம் தாழுமே, அதுதானே இது?" என்றான். அதுவரை வாயே திறக்காத பிள்ளை. அடுத்த நிமிடம் பக்கத்தில் இருந்தவள், "அப்ப இரும்புக் கப்பல் எப்படிக்கா மிதக்குது?" என்று கேட்டாள். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை நான் தொடங்கவே இல்லை, அவர்களே வாசலுக்கு வந்து நின்றார்கள். கப்பலின் உள்ளே இருக்கும் காலி இடத்தையும் சேர்த்துப் பருமனைக் கணக்கிட வேண்டும் என்று சொன்னதும், மாதிரியில் நிறையை மாற்றாமல் பருமனை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். கட்டை மேலே வந்தது.

பெட்டின் குறையும் வெளிப்படையானது. அது பாடம் நடத்தாது. நல்ல கேள்வியோடு ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் விளையாட்டாகிவிடும். அறிவியலுக்கும் கணக்கில் ஓரளவுக்கும்தான் உதவும். வரலாற்றுக்கும் தமிழுக்கும் அங்கே ஒன்றுமில்லை.

கோலிப்ரியை மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது. அது பாடத்தைச் சுமக்கும் பெட்டி போன்ற ஒரு மென்பொருள். லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற லாப நோக்கற்ற அமைப்பு, நெட் இல்லாத ஊர்களை மனதில் வைத்தே செய்தது. ஒரு பழைய லேப்டாப்போ, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியோ போதும். அதில் பாடங்களை ஏற்றிவிட்டால் பக்கத்தில் இருக்கும் டேப்லெட்டுகள் வைஃபையில் அதோடு இணையும், வெளி இணையமே தேவையில்லை. ராஸ்பெரி பை என்றால் கரண்ட் போனாலும் பவர் பேங்க்கில் ஓடும். யார் எந்தப் பயிற்சியை முடித்தார்கள், எதில் தடுக்கினார்கள் என்று ஆசிரியர் பார்க்கலாம். புதன் ராத்திரிக் கேள்விக்கு நேரடியாக "ஓடும்" என்று பதில் சொல்வது இதுதான்.

ஆனால் உள்ளே என்ன ஏற்றுவது? கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தின் ஆங்கிலப் பாடங்கள் தயாராக இருக்கின்றன. அவை தரமானவைதான், ஆனால் நம் பாடத்திட்ட வரிசையில் வராது, தமிழ் வழிப் பிள்ளைக்கு மொழியும் சுவர். தமிழில் கிடைப்பது குறைவு. நாமே செய்து ஏற்றலாம், அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இலவசமாகப் பார்க்கலாம் என்பது வேறு, நகலெடுத்துப் பகிரலாம் என்பது வேறு. திறந்த கல்வி வளம் என்ற பெயரை 2002-இல் யுனெஸ்கோ கூட்டத்தில் வைத்தபோது, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கிடைக்கும் அனுமதியும் அதில் சேர்ந்தே இருந்தது. யூடியூப்பில் கிடைக்கிறது என்பதற்காக எதையும் பெட்டியில் போட்டுவிடக் கூடாது. அப்புறம் உப்புக்காற்று. எங்கள் லேப்டாப்பின் யுஎஸ்பி துளை ஓராண்டுக்குள் துருப்பிடித்தது. இப்போது மூடி போட்ட டப்பாவில் வைக்கிறோம்.

தென்னாப்பிரிக்காவின் சியாவுலா பாடநூல்களையும் புரட்டினேன். 10 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான கணக்கு, அறிவியல் நூல்கள், திறந்த உரிமத்தில் இருப்பவை. பிள்ளைகளுக்குக் கொடுக்க அல்ல, ஆசிரியர்கள் கணக்குகள் எடுத்துக்கொள்ள நல்ல சுரங்கம். தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக மெமரி கார்டில் வைத்துக்கொள்ள கிவிக்ஸ் என்ற செயலி இருக்கிறது, அதைத் தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளியில் பெரிய திரை இருந்தால் மணற்கேணி, சந்தேகமே வேண்டாம். அப்பா கரையில் இருக்கும் நாளில் வீட்டுப் பாடத்துக்குத் தீக்‌ஷா. மாலை வகுப்புக்குக் கோலிப்ரி பெட்டி, அதற்குள் பெட் மாதிரிகள். பெட்டி வாங்கவே வழியில்லை, ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், பெட் கோப்புகள் இருபதை ஒரு மெமரி கார்டில் போட்டு எடுத்துப் போவேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், போன்கள் வீட்டில் இருக்கும், பெரும்பகுதி பள்ளி விடுமுறை. இந்த முறை அந்த நாட்களில் பெரிய பிள்ளைகளை வைத்து ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்குத் தமிழில் கேள்விகள் எழுதப் போகிறோம், ஒவ்வொரு பெட் மாதிரிக்கும் பத்து. முதலில் பாய்மங்கள். அந்த வள்ளத்துப் பையன் தன் பங்குக்கு நான்கு கேள்விகளை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டான்.