காஞ்சிப் பட்டா, சாஃப்ட் சில்க்கா, கசவா? குமரி மாவட்டக் கல்யாணத்துக்கு எதை எடுப்பது?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கல்யாண ஜவுளி எடுக்க உட்கார்ந்தால், மூன்று வகைச் சேலைகள் முன்னால் வந்து விழும். ஜரிகை நிறைந்த காஞ்சிப் பட்டு, எடை குறைந்த சாஃப்ட் சில்க், பழுப்பு வெள்ளைப் பருத்தியில் ஜரிகைக் கரை போட்ட பலராமபுரம் கசவு. சர்ச் கல்யாணம் என்றால் வெள்ளைச் சேலையும் சேர்ந்துகொள்ளும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாலி கட்டும்போது உடுத்த ஒரு நல்ல காஞ்சிப் பட்டு எடுங்கள். மற்றவை எல்லாம் எடை குறைந்ததாக இருக்கட்டும். பணத்தைக் குறைக்க வேண்டிய இடம் பிளவுஸ்.

காஞ்சிப் பட்டும் சாஃப்ட் சில்க்கும்

காஞ்சிப் பட்டின் விலையில் பாதி ரகசியம் ஜரிகையில் இருக்கிறது. அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளி, தங்கம் விலை ஏறினால் சேலை விலையும் ஏறும். முந்தானை ஓரத்தில் ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். செம்புக் கம்பியோ வெள்ளை நூலோ தெரிந்தால் அது வேறு தரம். அந்தத் தரத்தில் சேலை எடுப்பது தப்பில்லை, ஆனால் அசல் ஜரிகை விலையைக் கொடுத்து எடுக்கக் கூடாது. பழைய அசல் ஜரிகைச் சேலையை அதில் இருக்கும் வெள்ளிக்காகவே விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. மற்றதற்கு அந்த மதிப்பு கிடையாது.

அடுத்து பார்க்க வேண்டியது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் சேலையில், இரண்டையும் தனித்தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக் கட்டை) ஓட்டி, சேரும் இடத்தில் இழைகளைப் பின்னி நெய்வதுதான் கோர்வை. அப்படி நெய்த கரை ஒரே சுத்த நிறமாக இருக்கும். கோர்வை இல்லாத சேலையில் உடலின் ஊடை நூலே, அதாவது குறுக்கு நூலே, கரைக்குள்ளும் ஓடும். அதனால் கரையில் உடல் நிறம் லேசாகக் கலந்து தெரியும். கடை விளக்கில் இது பிடிபடாது, சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். சில்க் மார்க் சீட்டு இருக்கிறதே என்று கேட்பார்கள். 2004-ல் வந்த அந்த முத்திரை நூல் சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். ஜரிகையைப் பற்றியோ, கைத்தறியா என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் என்று தனி முத்திரை இருக்கிறது.

சாஃப்ட் சில்க் இதற்கு நேர் எதிர். சிறுமுகை போன்ற ஊர்களில் நெய்து வரும் இந்தச் சேலையும் பட்டுதான், ஆனால் நூல் மெல்லியது, ஜரிகையும் கொஞ்சம். கொசுவம் படிந்து நிற்கும், உடலோடு ஒட்டி விழும். இரவு ரிசப்ஷனில் இரண்டு மூன்று மணி நேரம் மேடையில் நின்று சிரிக்க வேண்டிய பெண்ணுக்கு இதுதான் சுகம். பிறகு ஒரு வளைகாப்புக்கோ வீடு பால்காய்ச்சுக்கோ தயங்காமல் எடுத்து உடுத்தலாம். மணமேடையில் மட்டும் இது எனக்குக் குறைவாகத் தெரிகிறது. தோவாளையில் கட்டி வரும் கனமான மாலைக்குக் கீழே மெல்லிய பட்டு கசங்கிப் போகும். மாலையில் தெளித்த தண்ணீர் சொட்டினால் பட்டில் வட்டமாகத் திட்டு விழும், மெல்லிய பட்டில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். எந்தப் பட்டானாலும் மாலையை நன்றாக உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

கசவு

1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து மண். கல்குளம், விளவங்கோடு பக்கம் கசவு சேலையும், இரண்டு துண்டாக உடுத்தும் செட்டு முண்டும் இன்றும் வீட்டு உடைதான். திருவனந்தபுரம் போகும் சாலையிலேயே இருக்கும் பலராமபுரத்தில் குழித்தறியில் (தரையில் குழி வெட்டி அமைத்த கைத்தறி) இதை நெய்கிறார்கள். அந்த நெசவாளர்களின் முன்னோர் நாகர்கோவில், திருநெல்வேலி பக்கமிருந்து திருவிதாங்கூர் மகாராஜா அழைத்துப் போன சாலியர்கள் என்ற நெசவுச் சமூகத்தினர் என்பது அங்கே வழங்கும் வரலாறு. பருத்தி என்பதால் வேர்வைக்கு இதைவிட நல்லது இல்லை. செலவும் பட்டைவிட மிகக் குறைவு. கஞ்சி போட்டுத் தேய்த்தால் நிமிர்ந்து நிற்கும், ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு விழும். உள்பாவாடை அதே பழுப்பு வெள்ளையில் இல்லாவிட்டால் நிழல் தெரியும். நிச்சயத்துக்கும் கோயில் கல்யாணத்துக்கும் கசவு அழகு. பெரிய மண்டபத்தில், சுற்றி எல்லோரும் பட்டில் நிற்கும்போது, மணப்பெண் கூட்டத்தில் கலந்துவிடுவாள்.

சர்ச் கல்யாணத்துக்குக் கல் பதித்த வெள்ளை நெட் சேலையா, க்ரீம் நிறப் பட்டா என்றால் நான் தயங்காமல் பட்டு என்பேன். பளீர் வெள்ளை, எல்.இ.டி. வெளிச்சத்தில் படத்தில் வெறும் வெளிச்சமாகப் போய்விடும். க்ரீமில் ஜரிகை தெரியும். நெட் சேலை அன்றோடு பெட்டிக்குள் போகும். க்ரீம் பட்டை ஈஸ்டருக்கும், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் உடுத்தலாம்.

பிளவுஸ்: ஆரி ஒர்க்கா, சேலைக் கரையா?

இப்போது சேலையைவிட பிளவுஸுக்குச் செலவு கூடுகிற வீடுகளைப் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கை, கழுத்து, முதுகு முழுக்க ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் கையால் போடும் எம்ப்ராய்டரி) போட்ட பிளவுஸ் ஒரே சேலைக்குத்தான் பொருந்தும். கல்லும் குந்தனும் முந்தானைப் பட்டை உரசி இழையை இழுத்துவிடும். உடம்பு கொஞ்சம் மாறினாலும் வேலைப்பாட்டைப் பிரித்துத் தைக்க முடியாது. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி விலை குறைவு, ஆனால் அதன் பின்பக்கம் விறைப்பாக இருந்து உறுத்தும். சேலையோடு வரும் பிளவுஸ் துணியின் கரையைக் கையில் வைத்து, கழுத்தைச் சுற்றி மட்டும் மெல்லிசாக ஒரு வரி ஆரி போட்டால் போதும். கோர்வைக் கரை கையில் இருக்கும்போது அதுவே நகை மாதிரி. வடசேரியில் செய்யும் சிவப்புக் கல் கோயில் நகையைப் போடப் போகிறீர்கள் என்றால் கழுத்தில் வேலைப்பாடு வைக்கவே வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்.

அந்தத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். முழங்கை வரை கை வைத்தால் சிலருக்குப் போதாது, வெட்டுவதற்கு முன்பே தையல்காரரிடம் கேளுங்கள். லைனிங் பருத்தியாகவே இருக்கட்டும். இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது, எந்த மாதம் கல்யாணம் வைத்தாலும் வேர்க்கும். பக்கத்தில் இரண்டு விரல் அளவுக்கு உள்தையல் விடச் சொல்லுங்கள். சர்ச்சில் முதுகு இறக்கம் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் பங்குக் கோயில்கள் உண்டு. அதை அளவு கொடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் பாதுகாப்பது. குளச்சல், முட்டம் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக் காற்றில் ஜரிகை சீக்கிரம் கறுக்கும். பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஆரி பிளவுஸை அதே துணிக்குள் வைக்க வேண்டாம்.