மேற்குச் சுவருக்குக் கொடியா, செடிப் பலகையா?

மே மாதம் இரவு ஒன்பது மணிக்குச் சென்னை வீட்டின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கி அரைமணி நேரமான தோசைக்கல் போல இன்னும் கணகணக்கும். பிற்பகல் முழுக்கச் செங்கல் குடித்த வெயில், நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் அறைக்குள் வந்து சேர்கிறது.

இதைத் தடுக்கப் பச்சைச் சுவர் வேண்டுமென்றால் இரண்டு வழிகள். தரையில் நட்ட கொடியைக் கம்பிவலையில் ஏற்றிவிடலாம். அல்லது சுவரில் சட்டம் அடித்து, செடி வைத்த பலகைகளை மாட்டிச் சொட்டுநீர் விடலாம்.

அளந்து பார்த்தால் பலகைக்கே வெற்றி. சிங்கப்பூரின் ஹார்ட்பார்க் (HortPark) என்ற தோட்டக்கலைப் பூங்காவில் எட்டு வகைப் பச்சைச் சுவர்களைச் சோதித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வெறும் சுவரைவிட மேற்பரப்பு வெப்பம் அதிகபட்சமாக 11 டிகிரிக்கு மேல் குறைந்தது. அந்த அளவை எட்டியவை பலகை வகைகள்தான். இலையின் நிழலோடு, அதற்குப் பின்னால் ஈரமான வேர்ப்படுகையும் இருக்கிறதல்லவா? ஆனால் குறைந்தது சுவரின் சூடு, அறையின் சூடு அல்ல. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் பழைய கட்டடமொன்றின் சுவரில், பலகை போலவே துணிப்பைகளில் மண்ணிட்டுச் செடி வளர்த்தார்கள். அந்தச் சுவர் வழியே வெளியே போன வெப்பம் 31.4 சதவீதம் குறைந்தது. குளிருக்குக் கம்பளி போர்த்திய கணக்கு. நமக்கோ இரவில் சுவர் ஆறியாக வேண்டும். அப்போது கம்பளி எதற்கு?

அதனால் என் ஓட்டு கொடிக்கு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வலை கட்டி, ரங்கூன் மல்லியை ஏற்றினால் போதும். வெயில் இலையோடு நின்றுவிடும். இடையில் சூடேறும் காற்று மேலே போய்விடும். சுவர் மூட ஓரிரு ஆண்டு பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். வேர் தரையில் இருப்பதால் இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும். நான் பார்த்த ஓர் அலுவலக முகப்பில் மோட்டார் பழுதாகி, ஒரே வாரத்தில் பலகைச் செடிகள் அப்பளமாக நொறுங்கின. சுவரிலேயே வேர் ஊன்றும் கொடிகள் மட்டும் வேண்டாம். பூச்சில் விரிசல் இருந்தால் உள்ளே நுழைந்துவிடும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவர்கள் இந்தச் செலவை முதலில் கூரைக்குச் செய்யலாம். உச்சி வெயில் அங்கேதான் இறங்குகிறது.