புளூ ட்ரெயில் என்றால் எந்த ஊர் புளூ? சிறுமலை அடிவார சைக்கிள் சவாரிக்குப் பணம் கட்டப்போகிறவர்களுக்கு

"வார இறுதி மவுண்டன் பைக்கிங், புளூ கிரேடு ட்ரெயில், புதியவர்களும் வரலாம்" என்று ஒரு போஸ்டர் மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. பாதை எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் சொல்வதுதான் இந்தக் கிரேடு. போன முறை அதை நம்பித் தலைக்கு 1,800 ரூபாய் கட்டிவிட்டு, அக்கா மகனுக்குக் காறை எலும்பு முறிந்து திரும்பியவர்கள் நாங்கள். நடத்துபவர் பெயரை இங்கே போடவில்லை. குழுவின் பெயரை எப்படியும் மாற்றிக்கொள்வார்கள், பேச்சைக் கேட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள், மீதிப் பணம் கட்டுமுன், புளூ என்றால் என்ன அர்த்தம் என்று குழுவில் கேட்டேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: "சார், யூரோப்ல புளூதான் ஈஸி. அதுக்கப்புறம்தான் ரெட்டு, பிளாக்கு. சின்னப் பையனே ஓட்டுவான்." இது பொய்யில்லை. ஆல்ப்ஸ் பக்கத்து பைக் பார்க்குகள் பலவற்றில் நீலம், சிவப்பு, கருப்பு என்றுதான் போகும், நீலமே எளிதானது.

வாடிப்பட்டிக்கு வடக்கே வண்டிப்பாதை முடிகிற இடத்தில் சைக்கிள்களை இறக்கினார்கள். எங்களுக்கு வந்த வண்டிகளில் பட்டன் டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பின் பிரேக்கை முழுக்கப் பிடித்தாலும் சக்கரம் சுற்றியது. ஏறுவதைத் தள்ளிக்கொண்டே ஏறிவிட்டோம். இறங்கச் சொன்ன பாதைதான் வினை. ஐப்பசி மழை அரித்துவிட்ட ஓடைத்தடம் அது. ஓர் ஆள் நடக்கிற அகலம், மேலே உருளுகிற சரளை, நடுநடுவே படிப்படியாகப் பாறை. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்து, "இதுல ஆடே பாத்துப் பாத்துத்தான் எறங்கும், சைக்கிளையா கொண்டாந்தீக?" என்றார். அன்று அந்தப் பாதையைச் சரியாகக் கிரேடு செய்தவர் அவர் ஒருவர்தான். பையன் இரண்டாவது பாறைப்படியில் முன்சக்கரம் சொருகி, ஹேண்டிலுக்கு மேலே போய் விழுந்தான். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டெட்டாலும் இருந்தன. கையைக் கட்டித் தூக்க ஒரு துணிகூட இல்லை, என் துண்டைக் கிழித்துக் கட்டினோம்.

மறுநாள் பணம் கேட்டுப் போன் செய்தபோது ஆள் வேறு பாஷை பேசினார். "சார், இம்பா கிரேடிங் எடுத்துப் பாருங்க. புளூன்னா 'மோர் டிஃபிகல்ட்'னே போட்டிருக்கும். உங்க பையனுக்கு அனுபவம் பத்தல." இதுவும் பொய்யில்லை என்பதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். இம்பா என்பது அமெரிக்காவில் இருக்கிற சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம். பனிச்சறுக்குச் சரிவுகளுக்கு இருந்த குறியீட்டை எடுத்து சைக்கிள் பாதைக்கு மாற்றியவர்கள். அவர்கள் வரிசையில் வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு டைமண்ட், இரட்டைக் கருப்பு டைமண்ட் என்று ஐந்து படி. நீலம் நடுப்படி. ஆக, பணம் வாங்கும்போது ஐரோப்பா, திருப்பிக் கேட்டால் அமெரிக்கா.

சரி, அவர் சொன்ன இம்பாவையே வைத்துப் பார்ப்போம். அதில் நிறம் யாருடைய வாய்ச்சொல்லும் இல்லை, அளவு இருக்கிறது. நீலத்துக்குப் பாதை குறைந்தது 2 அடி அகலம். தரை பெரும்பாலும் உறுதியாக இருக்க வேண்டும். சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள், அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் இறக்கம். சுற்றிப்போக முடியாத தடை 8 அங்குலத்துக்கு மேல் கூடாது. கருப்புக்கு அதுவே 15 அங்குலம், பச்சைக்கு வெறும் 2. டேப் இல்லாவிட்டாலும் கை இருக்கிறதே: ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு வரை நீலம், முழத்தை நெருங்கினால் கருப்பு. பையன் விழுந்த பாறையில் கையை வைத்துப் பார்த்தேன், முழத்தைத் தாண்டியது. என் போனில் சவாரியைப் பதிவு செய்த ஸ்ட்ராவா ஆப்பில் அந்த இறக்கம் 20 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. அவர் சொன்ன அமெரிக்கக் கணக்கிலேயே அது இரட்டைக் கருப்பு.

இன்னொரு சமாளிப்பும் வரும்: "இது ட்ரெக்கிங்ல ஈஸி ரூட் சார்." தமிழக அரசு 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்திலும் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், ஆனால் அது நடப்பவர்களுக்கு. காலுக்கு எளிதான பாறைப்படி சக்கரத்துக்கு எளிதாகாது. இம்பா வரிசையோ ஓட்டும் நுணுக்கத்தைத்தான் அளக்கிறது, எவ்வளவு மூச்சு வாங்கும் என்பதை அல்ல.

எனவே நிறத்தைக் கேட்காதீர்கள். மிக உயரமான பாறைப்படி எத்தனை அங்குலம், அதைச் சுற்றிப்போக வழி உண்டா, மழைக்குப் பிறகு பாதையை யார் ஓட்டிப் பார்த்தது என்று கேளுங்கள். இறக்கத்தின் வீடியோ கேளுங்கள், அதுவும் கீழிருந்து மேல் நோக்கி எடுத்தது. மேலிருந்து எடுத்தால் சரிவு பெரும்பாலும் தட்டையாகத்தான் தெரியும். வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். எங்களிடம் "எல்லாம் பேசியாச்சு" என்றார்கள், வனக்காப்பாளர் வந்து கேட்டபோது காட்ட ஒரு காகிதமும் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பிறகும் நம் பக்கத்தில் இப்படி ஆள் கூட்டிப்போவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பணம் திரும்ப வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். சவாரி முடிந்த அன்று இரவே அந்த வாய்ஸ் மெசேஜை அழித்துவிட்டு என்னையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார், போஸ்டரின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் என் கையில் இருக்கிறது. அந்தக் குழுவில் இருந்த யாராவது "யூரோப்ல புளூதான் ஈஸி" பதிவைச் சேமித்து வைத்திருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள்.