உள்ளங்கை அளவு ஃபெல்ட் பொம்மை: எந்தத் துணி, எந்தத் தையல்?

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் கையால் தைக்கும் ஃபெல்ட் பொம்மைகள் பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ. உயரம்தான் இருக்கும். அதில் தலை மட்டும் இரண்டரை செ.மீ. வட்டம். ஒரு அடி உயரப் பொம்மையில் தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினால் யார் கண்ணிலும் படாது. இங்கே அதே ஒரு மில்லிமீட்டர் கன்னத்தைக் கோணலாக்கிவிடும். பெரிய பொம்மைக்குச் சொல்லும் யோசனைகளை அப்படியே சின்னதற்கு எடுத்துக்கொண்டு நான் நிறைய ஃபெல்ட்டை வீணடித்திருக்கிறேன். ஆகவே கீழே எதை எதோடு ஒப்பிட்டாலும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு சின்ன அளவில் அது தாங்குமா?

துணி: கம்பளியா, கலப்பா, செயற்கையா?

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. பாவு, ஊடு எதுவும் கிடையாது. இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகியதுதான் துணியாக நிற்கிறது. அதனால்தான் வெட்டிய ஓரத்தில் நூல் பிரிவதில்லை, ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இழைகள் எப்படிச் சிக்கின என்பதில்தான் வகைக்கு வகை வித்தியாசம்.

கம்பளி இழையின் மேல் மீனுக்கு இருப்பதுபோல மிக நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் சேர்த்துத் தேய்க்கும்போது அந்தச் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்கின்றன. மாட்டிய பிறகு விடுவிக்க முடியாது. அக்ரிலிக், பாலியஸ்டர் இழைகளுக்குச் செதில் இல்லை. முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தித்தான் அவற்றைச் சிக்க வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கலப்பு ஃபெல்ட்: கம்பளி பெரும்பாலும் 20 முதல் 35 சதவீதம், மீதி ரேயான்.

சின்னப் பொம்மையில் ஓரத்திலிருந்து இரண்டு மி.மீ. உள்ளேதான் ஊசி இறங்குகிறது. நூலின் இழுப்பு முழுவதையும் அந்த இரண்டு மி.மீ. துணிதான் தாங்க வேண்டும். கம்பளி தாங்கும். கலப்பும் தாங்கும். மலிவான செயற்கை ஃபெல்ட் கொஞ்சம் இறுக்கி இழுத்தாலே ஓட்டை பெரிதாகி, தையல் ஓரம் வழியாக வெளியே வந்துவிடும். பொம்மையின் மணிக்கட்டில் இப்படி ஒருமுறை பிய்ந்தால் அந்தக் கை போனதுதான், வேறு வெட்ட வேண்டும்.

வெட்டும்போதும் இது தெரியும். கூர்மையான சின்னக் கத்தரிக்கோலால் கம்பளி ஃபெல்ட்டில் ஒரு விரல் நுனி அகலத்துக்கு வளைவு போட்டால் வளைவு வளைவாகவே நிற்கும். செயற்கையில் ஓரம் நாலு நாளில் பூனை முடி போலப் பொங்கிக்கொள்கிறது. தைக்கும்போது கையில் பட்டுப் பட்டே இந்தப் பொங்கல் வரும். முகத்தில் வந்தால் தாடி வளர்ந்த தேவதை!

செயற்கையோடு எனக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. வடிவத்தை வெட்ட ஃப்ரீசர் பேப்பர் வசதியானது: ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, அந்தப் பக்கத்தைத் துணிமேல் வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும், சுற்றி வெட்டிவிட்டு உரித்துவிடலாம். கம்பளியில் செய்து பழகிய கையோடு, லேபிள் இல்லாத ஒரு சிவப்பு ஃபெல்ட்டில் அதே சூட்டை வைத்தேன். இஸ்திரிப் பெட்டியை எடுத்தபோது துணி அட்டை மாதிரி விறைத்து மினுமினுத்தது. பெட்டியின் அடியில் சிவப்புக் கறை. அதன்பிறகு பெயர் தெரியாத துணி என்றால் நகத்தளவு வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுகிறேன். கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுங்கும் கரியாகும். செயற்கை உருகிச் சுருண்டு கெட்டி மணியாக உறையும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் கம்பளியே வாங்கிவிடலாமா? அங்கேயும் இடறல் உண்டு. இந்தப் பொம்மைகள் வருடத்தில் பதினொரு மாதம் இருட்டுப் பெட்டிக்குள் கிடக்கின்றன. துணியந்துப் புழுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. கம்பளியில் இருக்கும் கெரட்டின் என்னும் புரதம்தான் அதற்கு உணவு; அக்ரிலிக்கையும் பாலியஸ்டரையும் அது சீண்டாது. கம்பளிப் பொம்மைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் செயற்கைக்குப் போவதில் தப்பே இல்லை. கூட உட்கார்ந்து தைக்கப் போவது குழந்தைகள் என்றாலும் செயற்கைதான். ஒன்று கெட்டால் மனசு பதறாது.

என் வழக்கம் இது: முகத்துக்கும் கைகளுக்கும் சுத்தக் கம்பளி, உடைக்கும் தொப்பிக்கும் கலப்பு, புது வடிவத்தை முதல்முறை ஒத்திகை பார்க்க மட்டும் செயற்கை. ஒரு பொம்மையின் முகத்துக்கு ஆகும் துணி தீப்பெட்டி அளவுகூட இருக்காது. கம்பளியின் செலவு அந்தத் தீப்பெட்டியோடு முடிந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனம். கலப்பு ஃபெல்ட்டை நனைத்தால் சுருங்கும், அடர்சிவப்பு சாயம் விடவும் கூடும். வெள்ளை முகத்தைச் சிவப்பு உடையோடு சேர்த்த பிறகு தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஓரத் தையல்: பிளாங்கெட்டா, சுற்றித் தைப்பதா, ஓட்டுத் தையலா?

ஃபெல்ட் பொம்மை என்றாலே பிளாங்கெட் தையல் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. காஜா போடத் தெரிந்த கைக்கு இது சுலபம். காஜாவில் முடிச்சு விழும், தையல்கள் நெருங்கி நிற்கும். பிளாங்கெட்டில் முடிச்சு இல்லை, நடுவே இடைவெளி விடுகிறோம், அவ்வளவுதான். ஓரம் முழுக்க ஒரு நூல் கரை கட்டினதுபோலப் படிந்து கிடக்கும். பாவாடையின் அடி ஓரம், தொப்பியின் சாய்வு மாதிரி நீளமான கோடுகளில் இதற்கு ஈடு இல்லை.

தலையிலும் கழுத்திலும்தான் இது காலை வாரும். இரண்டரை செ.மீ. வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 79 மி.மீ. மூன்று மி.மீ. இடைவெளியில் தைத்தால் 26 தையல். ஊசி மூன்று மி.மீ. உள்ளே இறங்குகிறது என்றால் அங்கே வட்டம் சுருங்கிவிடுவதால், ஓரத்தில் மூன்று மி.மீ. என்பது உள்ளே இரண்டே கால் மி.மீ.தான். பழகாத கை உள்ளேயும் மூன்று மி.மீ. வைக்கும். உடனே ஓரத்தில் இடைவெளி நான்காகி, தலை பல்சக்கரம் மாதிரி ஆகிவிடும். கழுத்தில் சிக்கல் நேர் எதிர். அங்கே ஓரம் உள்வாங்கி வளைகிறது. ஓரத்தில் படிய வேண்டிய நூல் வளைவுக்குள் இறங்காமல், பள்ளத்தின் குறுக்கே பாலம் போட்டதுபோல அந்தரத்தில் நிற்கும். இறுக்கினால் கழுத்து நெரியும், தளர்த்தினால் நூல் தொங்கும்.

சுற்றித் தைப்பதில் இந்த வம்பே இல்லை. இரண்டு துணியையும் சேர்த்துப் பிடித்து, பின்னாலிருந்து முன்னால் குத்தி, ஓரத்தைச் சுற்றி மறுபடி பின்னாலிருந்து. ஒவ்வொரு தையலும் தனித்தனி, பக்கத்துத் தையலை நம்பி நிற்பதில்லை. அதனால் எந்த வளைவிலும் திரும்பும். துணியின் நிறத்திலேயே ஒற்றை இழை எடுத்து இரண்டு மி.மீ.க்கு ஒன்று போட்டால், கம்பளி ஃபெல்ட்டில் நூல் துணிக்குள் அமிழ்ந்து தையல் இருக்கும் இடமே தெரியாது. ஆனால் நிறம் மாறிய நூலில் சாய்ந்த கோடுகள் ஏதோ அவசரத்துக்குக் காயத்தைத் தைத்ததுபோல இருக்கும். இழுத்து இறுக்கினாலும் கெட்டது, ஓரம் அலையலையாக நெளியும். துணி துணியைத் தொட்டதும் கையை நிறுத்த வேண்டும்.

ஊசியை மேலும் கீழுமாக நேர் வரிசையில் ஓட்டிக்கொண்டே போகும் ஓட்டுத் தையல் மூன்றிலும் வேகமானது, இந்த அளவுப் பொம்மைக்கு மூன்றிலும் மோசமானதும் அதுதான். ஓரத்திலிருந்து இரண்டரை மி.மீ. உள்ளே ஓட்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து மி.மீ. போய்விடும். பொம்மையின் கை ஒரு செ.மீ. அகலம் என்றால் பஞ்சுக்கு மிச்சம் அரை செ.மீ.தான். பஞ்சே வைக்காத தட்டைப் பொம்மை என்றால் மட்டும் இது சரி, அதிலும் வெள்ளை நூலில் அழகாக இருக்கும்.

ஒரே பொம்மையில் இரண்டு தையல் கலந்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் கலந்துதான் தைக்கிறேன். தலை, கழுத்து, கைகளுக்கு அதே நிற நூலில் சுற்றித் தைப்பது. கழுத்துக்குக் கீழே உடையின் ஓரம் தொடங்கும் இடத்தில் நிறம் மாற்றிப் பிளாங்கெட். உடையின் எல்லையும் தையலின் எல்லையும் ஒரே இடத்தில் விழுவதால், உடைக்குத்தான் கரை கட்டியிருக்கிறது என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

நூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு இழை எம்ப்ராய்டரி நூல் பிரிக்க முடியும் என்பதால் ஜெயிக்கிறது: முகத்துக்கு ஒன்று, ஓரத்துக்கு இரண்டு. பொதுவாக ஒரு சிட்டத்தில் 8 மீட்டர். இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீட்டர், ஒரு நிறம் இருபது பொம்மைக்குக் காணும். 8-ஆம் நம்பர் பெர்ல் காட்டன் பிரியாது. முறுக்கேறிய நூல் என்பதால் பிளாங்கெட்டில் தெளிவாக எழும்பி நிற்கும், முகத்துக்குக் கனம். சாதாரணத் தையல் நூல் உறுதிதான், ஆனால் ஓரத்தில் போட்டால் பார்வைக்கு ஒல்லி. எதை எடுத்தாலும் முழங்கை நீளத்துக்கு மேல் கோக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் துணிக்குள் உரசி உரசி, கடைசியில் நூலே பஞ்சாகிவிடும்.

முகம்: முடிச்சா, மணியா, மையா?

ஜெர்மனியில் மார்கரெட்டே ஷ்டைஃப் 1880 வாக்கில் ஃபெல்ட்டில் யானைகள் தைத்தார். ஊசி குத்தி வைக்கத்தான் தைத்தது. குழந்தைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பிக்க, அவருடைய பொம்மைத் தொழில் பிறந்தது. இத்தாலியின் துரின் நகரில் 1919-இல் தொடங்கிய லென்சி என்னும் பொம்மை நிறுவனம், ஃபெல்ட்டை அச்சில் வைத்து அழுத்தி, மூக்கும் கன்னமும் எழும்பிய முகங்களைச் செய்தது. இரண்டரை செ.மீ. தலையில் அந்த வேலை நடக்காது. நம்முடையது தட்டை முகம், எனவே கண் இரண்டும் எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாம்.

கண்ணுக்கு மூன்று வழி. பிரெஞ்சு நாட் என்னும் சுருள் முடிச்சு: இரண்டு இழை, ஊசியில் இரண்டு சுற்று. ஊசி வெளியே வந்த அதே ஓட்டையில் திரும்ப இறக்கினால் முடிச்சும் கூடவே பின்னால் போய்விடும். ஒரு நூலளவு தள்ளி இறக்க வேண்டும். இரண்டாவது, இரண்டு மி.மீ. கறுப்பு மணி. வெளிச்சம் பட்டால் பொம்மைக்கு உயிர் வந்ததுபோல மின்னும், முடிச்சால் அது முடியாது. ஆனால் மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் மணி கூடவே கூடாது, கழன்றால் வாய்க்குத்தான் போகும். மூன்றாவது துணி மைப் பேனா. ஃபெல்ட் மையை உறிஞ்சிப் படரவிடும், கண் புள்ளி கரப்பான்பூச்சியாகிவிடும். அது வேண்டாம்.

தைப்பதற்கு முன்னால் இரண்டு கறுப்புக் கொண்டை குண்டூசிகளைக் கண் இடத்தில் குத்தி, கை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறேன். தலையின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒன்றுக்கொன்று எட்டு ஒன்பது மி.மீ. தள்ளி இருந்தால் முகம் குழந்தைத்தனமாக இருக்கும். மேலே ஏற்றினால் வயது கூடும். நெருக்கினால் பொம்மை ஏதோ சதி செய்வதுபோலத் தோன்றும். சூட்டில் மறையும் பேனாவால் குறித்தால் இன்னொரு விளையாட்டு உண்டு: இஸ்திரியில் மறைந்த கோடு கடுங்குளிரில் திரும்பி வரும். குண்டூசிக்கு அந்தக் கபடம் தெரியாது.

வாய் வைப்பதா வேண்டாமா என்பதில் நான் வேண்டாம் கட்சி. ஒற்றை இழையில் சின்ன வளைவு போட்டாலும் பாதிக்குப் பாதி அழுமூஞ்சியாக முடிகிறது. சிவப்பு கலர் பென்சிலைக் கன்னத்தில் லேசாகத் தேய்த்துவிட்டால் வாய் இல்லாமலே சிரிக்கும். முகவேலை முழுவதையும் முன்துணியில் மட்டும் முடித்துவிட்டு அப்புறம் பின்துணியைச் சேருங்கள்; நூல் முடிச்சுகள் எல்லாம் உள்ளே மறையும்.

உள்ளே வைப்பதும் தொங்கவிடுவதும்

பாலியஸ்டர் பஞ்சு போதும். இலவம் பஞ்சு மென்மைதான், ஆனால் இவ்வளவு சின்னத் திறப்பில் திணிப்பதற்குள் அறை முழுக்கப் பறக்கும். வெட்டி மிஞ்சிய ஃபெல்ட் துண்டுகள் கட்டி கட்டியாக முன்னால் புடைக்கும், வெளிர் நிற முகத்தில் அடர் நிறத் துண்டு நிழலாகத் தெரியவும் செய்யும். பஞ்சைப் பட்டாணி அளவு பிய்த்து, பென்சிலின் மழுங்கிய முனையால் முதலில் கைகளுக்கும் கழுத்துக்கும் தள்ளுங்கள். கழுத்து காலியாக இருந்தால் தலை பின்னால் மடங்கும்.

கொக்கிக்கு ரிப்பன் வளையமா, நூல் வளையமா? ரிப்பனின் இரண்டு முனையையும் இரண்டு துணிக்கும் நடுவே ஒரு செ.மீ. உள்ளே விட்டுத் தைத்தால் பிய்யாது, ஆனால் உச்சந்தலையில் ஒரு மேடு விழும். நூல் வளையம் மேடில்லாமல் அமரும், ஆனால் பின்துணியில் மட்டும் கோத்தால் பொம்மை குனிந்து தரையைப் பார்க்கும். எனவே நூல்தான், ஆனால் இரண்டு துணியின் ஊடாகவும் ஊசி போக வேண்டும். கடைசி முடிச்சைப் போடுமுன் நூலைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முகம் கீழே சாய்ந்தால் ஊசியை முன்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் நகர்த்திக் குத்தினால் நிமிர்ந்துவிடும்.